பிக்கப் வண்டிக்கு பிக்கப் இல்லையா?

நம்ம ஊர் மெக்கானிக் ஷெட் பக்கம் போய் பத்து நிமிஷம் நின்னு பாருங்க. அடிக்கடி காதில் விழுற வார்த்தை... 'பிக்கப்'! "அண்ணே, வண்டியில பிக்கப்பே இல்லண்ணே..." என்று ஒருத்தர் புலம்புவார். "கார்புரேட்டரைக் கழட்டிப் பாத்துடலாம் தம்பி" என்பார் அண்ணன், பனியன் வேஸ்டில் கையைத் துடைத்தபடி. சரி... பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லாமப் போனா?

சிரிக்காதீங்க பாஸ், சீரியஸ் மேட்டர். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போன உங்க சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. பின்னால் திறந்த தொட்டி வெச்ச பிக்கப் டிரக் அங்கே தெருவுக்கு நாலு நிற்கும். 'ட்வைலைட்' (2008) படத்தில் பெல்லா உறுமவிட்டு ஓட்டிட்டு வருவாளே, ஒரு பழைய சிவப்பு ஷெவ்ரோலே... அந்த வகையறா. நாளைக்கு நீங்களும் அங்கே போறீங்கன்னு வெச்சுக்குவோம். ரூம்மேட் உள்ளூர்ப் பையன். அவனோட தாத்தா அவனுக்கு விட்டுட்டுப் போன சொத்து, 1985 மாடல் ஷெவ்ரோலே சி-10. சனிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்களைக் கூப்பிடறான். "நீ மெக்கானிக்கல் இன்ஜினீயர்தானே? இதுக்கு எந்த இன்டேக் மேனிஃபோல்டு வாங்கலாம், சொல்லு!"

தெர்மல் பேப்பரில் 82 மார்க் வாங்கின நீங்க தலையைச் சொறியறீங்க. போகப் போறது உங்க மானம் மட்டுமில்லை. அவனோட சில நூறு டாலர், தாத்தா நினைவா இருக்கிற ஒரே வண்டி... எல்லாமே உங்க பதிலில் தொங்குது. வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

உள்ளே படுத்திருப்பது '350' என்று செல்லமா அழைக்கப்படுற வி-8 எஞ்சின். 350-ன்னதும் புல்லட் ஞாபகம் வந்தா அது உங்க தப்பில்லை. ஆனா அது சிசி... இது கன அங்குலம்! நம்ம கணக்கில் 5.7 லிட்டர். மாருதி 800 எஞ்சின் ஏழைச் சேர்த்துக் கட்டினா வர்ற அளவு. ஷெவ்ரோலேயின் 'ஸ்மால் பிளாக்' குடும்பம் 1955-ல் பிறந்தது. அதில் 350 வந்தது 1967-ல். இவ்வளவு பெரிய எஞ்சின், 1985 டிரக்கில் கொடுக்கிற சக்தி என்ன தெரியுமா? சுமார் 160 குதிரைதான்! புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் பெட்ரோல் சிக்கனமும் சேர்ந்து கட்டிப்போட்ட காலம் அது. பையனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

எட்டு சிலிண்டரும் நாலு நாலா ரெண்டு வரிசையில் 'வி' மாதிரி சாய்ஞ்சு நிற்க, நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு இரும்புச் சிலந்தி... அதுதான் இன்டேக் மேனிஃபோல்டு. தலை மேல் கார்புரேட்டர். அங்கே கலக்குற காற்றையும் பெட்ரோலையும் எட்டு கால் வழியா எட்டு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. கம்பெனி கொடுத்தது வார்ப்பிரும்பு. தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். வெளிச் சந்தையில் கிடைக்கிற அலுமினியம் அதைவிட ஏறக்குறைய 10 கிலோ எடை குறைவு. சரி, மாத்தலாம். ஆனா எதை?

இங்கேதான் பாதிப் பேர் வழுக்கி விழுறாங்க. 'பெரிய ஓட்டை, நிறைய காற்று, நிறைய பவர்' - இது பார்க்கிறதுக்கு லாஜிக் மாதிரியே இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சும்போது ஹோஸ் வாயில் கட்டைவிரலை வெச்சு அழுத்திப் பாருங்க. வழி குறுகுது, தண்ணி சீறிப் பாயுது. விரலை எடுங்க... கால்கிட்டயே கொட்டும். காற்றும் அப்படித்தான். கார்புரேட்டர் எஞ்சினில் மேனிஃபோல்டு வழியா போறது வெறும் காற்று இல்லை. பொடிப் பொடியான பெட்ரோல் துளிகளும் கூடவே பறக்குது. குழாய் அகலமா இருந்து, எஞ்சின் மெதுவா சுத்தினா, காற்றோட வேகம் செத்துப்போகும். துளிகளைத் தூக்கிட்டுப் போகத் தெம்பு இருக்காது. சுவரில் ஒட்டிக்கும், தரையில் தேங்கும். ஒரு சிலிண்டருக்கு விருந்து, இன்னொண்ணுக்குப் பட்டினி! சிக்னலில் பச்சை விழுந்து ஆக்ஸிலேட்டரை மிதிச்சதும் வண்டி ஒரு விக்கு விக்கிட்டுப் போகுமே, அதோட ரகசியம் இதுதான்.

ஆகவே நீளமான, ஒடிசலான குழாய்னா குறைஞ்ச வேகத்தில் இழுவை. குட்டையான, அகலமான குழாய்னா எஞ்சின் அலறும்போது பவர். ரெண்டையும் ஒரே வார்ப்பில் தர்றேன்னு யாராவது சொன்னா, பர்ஸை பின் பாக்கெட்டிலேயே வெச்சுக்குங்க.

சாம்பார் வாளி தத்துவம்

கடையில் ரெண்டு ஜாதகம் கிடைக்கும். 'டூயல் பிளேன்', 'சிங்கிள் பிளேன்'. பேரைப் பார்த்து பயப்படாதீங்க. ஹாஸ்டல் மெஸ்ஸில் எட்டு பேர் உட்கார்ந்திருக்கீங்க. ரெண்டு சாம்பார் வாளி வருது. ஒவ்வொரு வாளியும் நாலு பேருக்கு. இந்த வாளியில் ஒரு கரண்டி, அப்புறம் அந்த வாளியில் ஒரு கரண்டின்னு மாத்தி மாத்தி ஊத்தறாங்க. இடிபாடு இல்லை, சண்டை இல்லை. இது டூயல் பிளேன். ஷெவ்ரோலே வி-8 எஞ்சின் வெடிக்கிற வரிசை 1-8-4-3-6-5-7-2. மேனிஃபோல்டின் ஒரு பாதி 1, 4, 6, 7-க்கும், மறு பாதி 2, 3, 5, 8-க்கும் ஊட்டுது. வரிசையைப் பென்சிலால் டிக் பண்ணிப் பாருங்க... இந்தப் பாதி, அந்தப் பாதின்னு கச்சிதமா மாறி மாறி வரும். இந்தக் கணக்கைப் போட்ட ஆளுக்கு ஒரு சலாம்!

சிங்கிள் பிளேன் வேற ரகம். நடுவில் ஒரே பெரிய அண்டா, எட்டு பேரும் நேரா கரண்டி விடலாம். பந்தி வேகமா நடக்கும்போது பிரமாதம், வளைவு இல்லாத நேர் வழி. ஆனா சாவகாசமா சாப்பிடும்போது ஒருத்தர் கரண்டியில இருந்து இன்னொருத்தர் பறிச்சுப்பார். முக்கியமா 5, 7. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர், வெடிக்கிறதும் ஒண்ணு பின்னால் ஒண்ணு. பங்காளிச் சண்டைக்குக் கேட்கணுமா?

இப்ப அசல் கேள்விக்கு வருவோம். ரூம்மேட்டோட டிரக் எந்த வேகத்தில் 'வாழுது'? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு கணக்கு போடலாம், அரை நிமிஷம்தான். அந்தக் கால டிரக்குகளில் பெட்ரோல் சிக்கனத்துக்காக 3.08 பின் ஆக்ஸில் விகிதம் சகஜம். நாலு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கடைசி கியர் 0.70. டயர் விட்டம் சுமார் 29 அங்குலம். மணிக்கு 60 மைல், அதாவது 97 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சின் எத்தனை சுத்து சுத்தும்? நிமிஷத்துக்கு வெறும் 1,500! பாட்டு கேட்டுக்கிட்டே தூங்கி வழியற வேகம். ஊருக்குள் ஓட்டினாலும் 3,000-ஐத் தாண்டுறது அபூர்வம். இந்த எஞ்சினின் உச்ச சக்தியே 4,000-க்குக் கிட்டத்தில் முடிஞ்சுபோகுது.

கேட்லாக்கை இப்போ திறங்க. எடல்பிராக் கம்பெனியின் 'பெர்ஃபார்மர்' என்ற டூயல் பிளேன் - ஐடிலில் இருந்து 5,500 ஆர்.பி.எம். வரை. அதன் அண்ணன் 'பெர்ஃபார்மர் ஆர்.பி.எம்.' - 1,500 முதல் 6,500 வரை. 'விக்டர் ஜூனியர்' என்ற சிங்கிள் பிளேன் - 3,500-க்கு மேலதான் உயிரே வரும். போட்டோவில் பார்த்தா விக்டர்தான் ஹீரோ, சந்தேகமே இல்லை. சும்மா நச்சுனு நிற்கும். ஆனா தாத்தா வண்டி மூச்சு வாங்குற இடத்தில்தான் அது மூச்சே எடுக்க ஆரம்பிக்கும்! போட்டா என்ன ஆகும்? சத்தம் ஏறும், மைலேஜ் இறங்கும், சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர் முந்திட்டுப் போகும். என் ஓட்டு சாதா 'பெர்ஃபார்மர்' ரகத்துக்குத்தான். ஹோலி, வெயாண்ட் பேரிலும் இதே மாதிரி தாழ்ந்த டூயல் பிளேன்கள் உண்டு. கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஆக்ஸில் எல்லாத்தையும் மாத்தப் போறவங்க மட்டும் அந்த அண்ணனை யோசிக்கலாம்.

விளம்பரத்தில் வர்ற டைனோ கிராஃப்பை மட்டும் ரொம்ப நம்பிடாதீங்க. கோடு ஜிவ்வுனு மேலே ஏறும், 'பழசைவிட இத்தனை குதிரை அதிகம்'னு அம்புக்குறி போட்டிருப்பாங்க. இடது ஓரத்தைப் பாருங்க. பல கிராஃப்கள் ஆரம்பிக்கிறதே 2,500 அல்லது 3,000 ஆர்.பி.எம்.மில்! நீங்க தினமும் ஓட்டுற 1,500 அந்தப் படத்திலேயே கிடையாது. பொய் சொல்லலை... உண்மை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஃப்ரேமை வெட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

இந்த மேனிஃபோல்டு மோகம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. கலிஃபோர்னியாவில் மெக்கானிக் ஷெட் வெச்சிருந்த விக் எடல்பிராக், தன்னோட 1932 ஃபோர்டு காருக்குக் கிடைச்ச மேனிஃபோல்டு எதுவும் பிடிக்காம, 1938-ல் தானே ஒண்ணை வடிவமைச்சார். அதுக்குப் பேரு 'ஸ்லிங்ஷாட்', நம்ம உண்டிவில்! வாரநாளில் வேலைக்கு ஓட்டுற அதே கார், வாரக் கடைசியில் முரோக் வறண்ட ஏரியில் ரேஸ். பார்த்தவங்க 'எனக்கும் ஒண்ணு'ன்னு கேட்க, பிசினஸ் பிறந்தது.

நம்ம பசங்களும் சும்மா இல்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற 'ஃபார்முலா பாரத்' போட்டிக்குக் காரைத் தானே கட்டிட்டு வர்ற காலேஜ் டீம்களிடம் பேசிப் பாருங்க. பெட்ரோல் கார்னா எஞ்சினுக்குள் போற மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் ஓட்டை வழியாத்தான் போகணும்னு ரூல். அந்த ஓட்டைக்கு அப்புறம் எவ்வளவு நீளக் குழாய், எவ்வளவு பெரிய அண்டாங்கறதுலதான் ராத்திரித் தூக்கமே போகுது அவங்களுக்கு. ரூம்மேட்டோட அதே தலைவலி, வேற சைஸில்.

போல்ட்டு எண்ணத் தெரியுமா?

சரி, ரகம் முடிவாச்சு. ஆர்டர் போட கை துறுதுறுங்குதா? ஒரு நிமிஷம்! '350-க்கு ஒரு மேனிஃபோல்டு'ன்னு கேட்டு வாங்கிட்டு, சனிக்கிழமை மதியம் போல்ட்டு சேராம உட்கார்ந்து அழுதவங்க ஏராளம். 1955-ல் இருந்து 1986 வரை போல்ட்டு அமைப்பு ஒரு மாதிரி. 1987-ல் இரும்பு ஹெட்டுகளில் நடுவில் இருக்கிற நாலு போல்ட்டோட சாய்வு மாறிடுச்சு. 1996-ல் 'வோர்டெக்' ஹெட்டு வந்தப்போ மொத்தமே வேற... 12 போல்ட்டுக்குப் பதில் 8.

"எங்க வண்டி 1985 மாடல்தானே?" என்பீங்க. வண்டி 85... எஞ்சின்? நாப்பது வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கோ! பழைய டிரக்குகளில் எஞ்சினை மாத்திப் போடுறது சர்வ சாதாரணம். ஆர்.சி. புக்கை நம்பாம கண்ணை நம்புங்க. சிலிண்டர் ஹெட்டு மேல மூடியிருக்கிற வால்வ் கவரைப் பாருங்க. போல்ட்டு ஓரத்தில் சுத்தி இருந்தா அது 1986 அல்லது அதுக்கு முந்தின ஹெட்டு. நடுமுதுகில் வரிசையா நாலு போல்ட்டு இருந்தா 87-க்கு அப்புறம். அப்புறம் மேனிஃபோல்டு போல்ட்டை எண்ணுங்க. பன்னிரண்டா, எட்டா? எட்டு வந்தா அது வோர்டெக். காசு செலவில்லாத டெஸ்ட்.

அடுத்தது கார்புரேட்டர் உட்கார்ற மேடை. தாத்தா வண்டியில் இருப்பது 'குவாட்ராஜெட்'. நாலு தொண்டை உள்ளது. முன்னால் ரெண்டு சின்னது, 35 மில்லிமீட்டர். பின்னால் ரெண்டு ராட்சசன், 57 மில்லிமீட்டர். இதுக்கு 'ஸ்ப்ரெட் போர்'னு பேர். ஹோலி, எடல்பிராக் கார்புரேட்டர்களில் பெரும்பாலானவை நாலு தொண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு உள்ள 'ஸ்கொயர் போர்'. ரெண்டும் நேரடியா பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் தட்டு போட்டு ஒட்டவைக்கலாம்... உயரம் கூடும், காற்றோட்டம் கலையும், கசிய இன்னொரு இடம் கிடைக்கும். குவாட்ராஜெட் நல்லா ஓடுதுன்னா அதையே வெச்சுக்கிட்டு அதுக்கேத்த மேனிஃபோல்டா வாங்குறதுதான் புத்திசாலித்தனம். அது ஒண்ணும் மட்டமான கார்புரேட்டர் இல்லை. சின்ன முன் தொண்டைகளில் சிக்கனம், மிதிச்சா பின்னால ரெண்டும் திறந்து ஆர்ப்பாட்டம். ரிப்பேர் பண்ணத் தெரியாதவங்கதான் அதைத் திட்டுவாங்க!

எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடுற ஈ.ஜி.ஆர். வால்வ் இருக்கே, அது மேனிஃபோல்டு மேலதான் உட்காரும். அலுமினிய மேனிஃபோல்டுகளில் ஈ.ஜி.ஆர். உள்ளது, இல்லாததுன்னு ரெண்டு வகை. இல்லாதது விலை குறைவா இருக்கலாம். ஆனா ரூம்மேட் கலிஃபோர்னியாக்காரனா இருந்தா? 1976-க்கு அப்புறம் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே புகைப் பரிசோதனை உண்டு. மாநில ஏர் ரிசோர்சஸ் போர்டு அனுமதி எண் கொடுத்த உதிரிபாகமா இருந்தாத்தான் தப்பிப்பான். இல்லைன்னா டெஸ்ட்டில் ஃபெயில்... அரியர்தான்! சட்டம் கேட்காத ஊரிலும் ஒரு வில்லங்கம் இருக்கு. ஈ.ஜி.ஆர். இருக்குன்னு நம்பித்தான் கம்பெனி இக்னிஷன் டைமிங்கை வெச்சிருக்கும். அதைப் பிடுங்கிட்டா பாதி மிதியில் எஞ்சின் 'நாக்' அடிக்க ஆரம்பிக்கும்.

'ஏர் கேப்'னு ஸ்டைலா ஒரு ரகம் உண்டு. கீழே கொதிக்கிற எண்ணெய்ச் சூடு குழாய்களுக்கு ஏறாம நடுவில் இடைவெளி விட்டிருப்பாங்க. டெக்சாஸ் வெயிலுக்கு ஜோர். மினசோட்டா பனியில் காலையில் ஸ்டார்ட் பண்ணா, பெட்ரோல் ஆவியாகாம வண்டி கால் மணி நேரம் முனகிக்கிட்டே கிடக்கும். கம்பெனி மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் சூட்டை கார்புரேட்டர் அடியில் ஓடவிட்டதே இந்தக் குளிருக்காகத்தான். உயரமும் கூட. பானெட் மூடுமான்னு டேப் வெச்சு அளந்துடுங்க.

இப்போ சொல்லப் போறதைக் கொஞ்சம் உஷாரா கேளுங்க. இந்த டிரக்கில் 700-ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தா, கார்புரேட்டரில் இருந்து அதுக்கு ஒரு கேபிள் போகும். பேரு டி.வி. கேபிள். தூர்தர்ஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை! ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீங்கன்னு கியர்பாக்ஸுக்குச் சொல்றது அதுதான். அதை வெச்சுத்தான் உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறும். புது மேனிஃபோல்டு, புது கார்புரேட்டர்னு மாத்தும்போது இந்தக் கேபிள் இழுக்கிற கோணம் கொஞ்சம் பிசகினாலும், அழுத்தம் போதாம உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்கி வழுக்கிக் கருகிடும். மேனிஃபோல்டில் மிச்சம் பிடிச்ச காசைப் போல பல மடங்கு கியர்பாக்ஸில் போகும். அதுக்கான பிராக்கெட்டையும் சேர்த்தே ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. பிரேக் பூஸ்டருக்குப் போற வேக்குவம் குழாய்க்கு மேனிஃபோல்டில் துளை இருக்கான்னும் பார்க்கணும். அது இல்லாம பிரேக்கை மிதிச்சா கால் வலிக்கும், வண்டி நிற்கிறதும் அவன் அதிர்ஷ்டம்தான்.

இன்னொரு உண்மையையும் ரூம்மேட்டிடம் போட்டு உடைச்சுடுங்க. மத்ததெல்லாம் பழசாவே இருக்கிற எஞ்சினில் மேனிஃபோல்டை மட்டும் மாத்தினா, கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான். எக்ஸாஸ்ட் குழாய் அடைச்சுக்கிட்டு, டைமிங் தப்பா, பிளக் கரிபிடிச்சு இருந்தா முதல்ல அதைப் பாருங்க. பழைய மேனிஃபோல்டு விரிசல் விட்டிருந்தாலோ, ரெண்டு தொண்டை கார்புரேட்டரில் இருந்து நாலுக்கு மாறுறதா இருந்தாலோ... அப்போ தாராளமா வாங்கலாம். கடைக்காரங்க என் மேல கோபப்பட்டா பரவாயில்லை.

மாத்துற அன்னிக்கு, மேனிஃபோல்டைத் தூக்குறதுக்கு முன்னாடி ரேடியேட்டர் தண்ணியை வடிச்சுடுங்க. மறந்தீங்கன்னா அது நேரா எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும், பேரிங் காலி. எப்படிப் பண்ணாலும் வேலை முடிஞ்சதும் எண்ணெயை மாத்திடுறது நல்லது. பின்னால் நிற்கிற டிஸ்ட்ரிபியூட்டரையும் உருவணும். ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னு பெயின்ட்டால் ஒரு கோடு, செல்போனில் ஒரு போட்டோ. அது வெளியே இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது. முன்னும் பின்னும் வைக்கக் கொடுக்கிற ரப்பர் பட்டையைத் தூக்கிப் போட்டுட்டு, சிலிகான் பேஸ்ட்டை விரல் தடிமனில் பாதி அளவுக்குப் பிதுக்கி விடுங்க. நம்ம ஊரில் 'அனபாண்ட்'னு கேட்டு வாங்குவோமே, அந்த வகை. ரப்பர் நழுவிடும், எண்ணெய் பின்னால் ஒழுகும், 'ஐயோ எஞ்சின் சீல் போச்சே'ன்னு நீங்க ஊரைக் கூட்டுவீங்க.

போல்ட்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுற்றில், டார்க் ரெஞ்ச் வெச்சு முடுக்கணும். பழைய ஹெட்டுக்கு 25 அடி-பவுண்டு. வோர்டெக்குக்கு வெறும் 11. இரும்பு மேல அலுமினியம், 'இன்னும் ஒரு திருகு' ஆசைப்பட்டா மரை கையோட வந்துடும். ஸ்டார்ட் பண்ணி, சூடாகி, ஆறினதும் இன்னொரு தடவை சரிபாருங்க. எங்கேயாவது 'உஸ்ஸ்'னு காத்து இழுக்கிற சத்தம் கேட்டா திரும்பக் கழட்டத்தான் வேணும்.

கேட்கலையா? பின்பக்கக் கதவை இறக்குங்க. அடுத்த தெருவில் யாரோ வீடு மாத்துறாங்களாம், சோபா ஏத்தணும்.